கூம் விற்ற கார்

செப்டம்பர் 14
கார் வாசலுக்கு வந்துவிட்டது. டீசல், சாம்பல் நிறம், ஜெர்மனியில் யாரோ ஒரு கிழவர் ஓட்டியது. விற்றவன் ரதிசாவ். பழைய கார்களை வாங்கிச் சரிசெய்து விற்பதுதான் அவன் பிழைப்பு. எனக்குக் கூம் வேறு: என் கல்யாணத்தில் சாட்சியாகப் பக்கத்தில் நின்றவன், மகளுக்குப் பெயர் வைத்தவன். கூம் கூமை ஏமாற்றமாட்டான் என்பது ஊர் நம்பிக்கை. பார்ப்போம்.

என் மனைவி ஸ்தாமெனா காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். “கண்ணு பட்டுடும், ஒப்ராத்” என்றாள் என்னிடம். பூண்டு, சிவப்பு நூல், சாமி படம் என்று எதையாவது தொங்கவிட்டால் அவளையும் சேர்த்துத் தொங்கவிடுவேன் என்றேன். அபூர்வமாக வாயை மூடிக்கொண்டாள்.

அக்டோபர் 6
சத்தம். கடகட, கடகட.

அக்டோபர் 8
வண்டி நின்றபடி என்ஜின் ஓடினால் வருகிறது. மிதித்தால் மறைகிறது. காலை எடுத்தால் மறுபடியும். நான் கல்யாண வீடுகளில் டிரம்பெட் ஊதிப் பிழைக்கிறவன். கூட்டத்தில் ஒருவன் சுருதி பிசகினால் யாரென்று திரும்பிப் பார்க்காமலே சொல்வேன். இந்தக் காது பொய் சொல்லாது. என்ஜின் சாகிறது.

ரதிசாவ் வந்தான். நீள ஸ்க்ரூடிரைவரை என்ஜினில் அங்கங்கே ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டான்.
“உள்ள ஒண்ணுமில்ல கூமே. வெளியில எதுவோ ஆடுது.”
“வெளியிலன்னா? என் வாயிலயா?”
சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 20
சைலன்சர் குழாயின் மேல்தகட்டை இறுக்கினான். போகவில்லை. பெல்ட்டைக் கழற்றி ஓடவிட்டான். போகவில்லை. கடைசியில் தன் செலவிலேயே டைமிங் செயினை மாற்றினான், ஈரத் தரையில் மல்லாந்து கிடந்து. வண்டியை எடுத்துத் தெருமுனைகூடத் தாண்டவில்லை: கடகட.

மதுக்கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டேன்: “எந்தப் பொணத்தோட என்ஜினை எனக்கு வித்தே?” டிரம்பெட்டை எடுத்து, சாவு ஊர்வலத்துக்கு ஊதுவதை அவன் காருக்காக ஊதினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் பிளம் சாராயத்தைத் தொடாமலே எழுந்து போனான். நன்றாக இருந்தது. எனக்கு நானே ஏன் பொய் சொல்ல வேண்டும்? மிக நன்றாக இருந்தது.

நவம்பர் 5
அவனிடம் கார் பார்க்க வந்தவன் பாதியிலேயே திரும்பிவிட்டானாம். அவன் வாசலில் நிற்கும் வண்டிகளுக்கு இப்போது ஊரில் பெயர் “சாவு மேளம்”. நான் ஊதியது ஒட்டிக்கொண்டது.

சூப்பை வைக்கும்போது ஸ்தாமெனா, “கூம்ங்கிறவன் என்ன சட்டைப் பொத்தானா, அறுந்தா வேற தச்சுக்க?” என்றாள்.
“பொத்தான் சத்தம் போடாது” என்றேன்.
அழுதாள். இவள் எதற்கு அழுகிறாள்?

நவம்பர் 16
எங்கள் வீட்டுப் புனிதரின் நாள். இதற்கு யாரையும் அழைப்பதில்லை. வேண்டியவர்கள் தாமே வருவார்கள். வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. ரதிசாவ் வந்தான். தேய்த்த கோட்டு, நகத்தில் மட்டும் போகாத கிரீஸ், கையில் ஒரு பாட்டில்.

“வீடு நல்லாருக்கட்டும் கூமே.”

நான் எழுந்திருக்கவில்லை. “இங்க உனக்குக் கூம் யாரும் இல்ல. பழைய இரும்பு வாங்கறவன் அடுத்த தெருவுல இருக்கான்” என்றேன்.

பாட்டிலைப் படியில் வைத்துவிட்டுப் போனான். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. வந்திருந்தவர்கள் தட்டில் புனிதருக்குப் படைத்திருந்த கோதுமையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோழைகள்.

நவம்பர் 17
காலையில் ஸ்தாமெனா காரின் முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்கள் இருக்கும் பள்ளத்துக்குள் தோள்வரை கையை விட்டு, ஒரு காபித் தகரடப்பாவை எடுத்து வந்தாள். மேசைக்கு மேலே பிடித்து ஆட்டினாள்.

கடகட.

உள்ளே சிவப்பு முட்டை. ஈஸ்டருக்கு முதலில் சாயம் போடும் முட்டை. வீட்டைக் காக்குமென்று வருடம் முழுக்க வைத்திருப்பாள். கார் வந்த அன்றே அதை அங்கே வைத்திருக்கிறாள். சூட்டில் காய்ந்து, உள்ளே கரு கூழாங்கல் மாதிரி உருள்கிறது.

“துணி சுத்தித்தான் வெச்சேன். நழுவிடுச்சு போல.”
“தெரிஞ்சும் சும்மா இருந்தியா?”
“சந்தேகமா இருந்துச்சு. சொன்னா என்னைக் கொன்னுருப்பே.”
“அதனால அவனைக் கொல்ல விட்டே.”
“ஆமா. போ, போய் அவன் கால்ல விழு.”

இதுவா காது? த்தூ. முட்டைக்கும் என்ஜினுக்கும் வித்தியாசம் தெரியாத காது. வெளியே தெரிஞ்சா எந்தக் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடுவாங்க? வெட்கமாக இருக்கிறது. நாளைக்குப் போகிறேன். கட்டாயம் நாளைக்கு.

நவம்பர் 18
போகவில்லை. மழை.

டிசம்பர் 2
டப்பா இல்லாமல் ஓட்டினேன். ஒரு சத்தமில்லை. எங்கே போனாலும் ரதிசாவின் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஸ்பானரும் கையுமாக நிமிர்ந்தான். தலையைச் சாய்த்துக் கேட்டான். உடனே புரிந்துவிட்டது அவனுக்கு. முகம் அப்படி மலர்ந்தது — என் கல்யாணத்தன்று பார்த்த முகம். நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினான். ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, டப்பாவை அதே பள்ளத்தில் வைத்தேன். துணி இல்லாமல்.
“நீ பிடிச்ச முயலுக்கு மூணே கால்” என்றாள் ஸ்தாமெனா.

டிசம்பர் 3
அவன் வாசலில் மெதுவாகப் போனேன். கடகட. கேட்டான். தூக்கிய கை இறங்கிவிட்டது.

ஏப்ரல் 10
பெரிய வெள்ளி. ரதிசாவ் வீடு பூட்டியிருக்கிறது. ஆஸ்திரியாவில் ஏதோ கிடங்கில் மூட்டை ஏற்றுகிறானாம். கார்களையெல்லாம் பழைய இரும்புக்கே போட்டுவிட்டான்.

ஸ்தாமெனா இந்த வருடத்து முதல் முட்டைக்குச் சாயம் போட்டு என் முன்னால் வைத்தாள். “புதுசை வெச்சுட்டுப் பழசை எடுத்துடணும். அதான் முறை. புதுசு சத்தம் போடாது. இனி கேக்கறதுக்கும் அங்க ஆளில்ல.”

அவளைப் பார்த்துக்கொண்டே அதை உடைத்தேன், உரித்தேன், உப்பைத் தொட்டுத் தின்றேன். ஊரே விரதம் இருக்கும் நாளில். அவள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு காரை எடுத்தேன். போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. ரதிசாவின் பூட்டிய வாசல் வந்ததும், கால் தானாக ஆக்சிலேட்டரிலிருந்து எழுந்தது. கடகட, கடகட.