இன்னும் வராத மருமகனின் சம்மதம்

அனுப்புநர்
விண்ணப்பதாரர் எண் பதினேழின் தந்தை,
லிஃப்ட் மெக்கானிக்,
மூன்றாம் மாடி, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்க் கட்டிடம்.

பெறுநர்
உயர்திரு கலைப் பிரிவு அதிகாரி அவர்கள்,
நகரப் பொது அரங்கம்.

பொருள்: ஆண்டு நகைச்சுவை மாலையில் என் மகளுக்கு ஒதுக்கிய எட்டு நிமிடத்தை என் மரியாதையைக் காரணம் காட்டி ரத்து செய்தது – அந்த நிமிடங்களைத் திரும்பக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தேர்வுக் குழுவினர் வாய்மொழியாகச் சொன்னவை. எழுத்தில் கேட்டேன், தரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

மனு எழுதிப் பழக்கமில்லாத ஒருவன் இதை எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவன். பத்தாவதை இரண்டு முறை படித்ததால் எங்கள் வீட்டில் அதைப் பதினொன்றாகவே சேர்த்துக்கொள்கிறார்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு விஷயத்தை மட்டும் பார்க்க வேண்டுகிறேன்.

1. என் மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை செய்கிறாள். பகல் முழுவதும் வருகிறவர்களிடம் "இது தெரியுதா, இப்பத் தெரியுதா" என்று கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பரிசோதனையை என் மேல் தொடர்வாள். நான் நடப்பது, தூங்குவது, போனில் பேசும்போது எதிராளிக்குக் கேட்காது என்று கத்துவது எல்லாவற்றையும் பார்த்து வைத்து நகைச்சுவையாகத் திருப்பிச் சொல்வாள். தங்கள் அரங்கத்தின் நகைச்சுவை மாலைக்குப் புதியவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வந்ததும் விண்ணப்பித்தாள். அவளுக்குத் துணையாகத் தேர்வுக்கு வந்து, வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நான்.

2. குழுவில் மூவர். தலைவர் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். அடுத்தவர் மைக் செட் கடைக்காரர். மூன்றாமவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். என் மகள் அவர்கள் முன்னால் சொன்னதில் ஒன்றைத் தங்கள் பார்வைக்குத் தருகிறேன்: "எங்கப்பா லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊர் லிஃப்டெல்லாம் அவர்தான் ரிப்பேர் பண்றாரு. ஆனா அவர் மட்டும் படியிலதான் ஏறுவாரு. ஏம்ப்பான்னு கேட்டா, 'ரிப்பேர் பண்ணது யாருன்னு எனக்குத் தெரியும்மா'ங்கிறாரு." வயிறு குறைய வேண்டும் என்று டாக்டர் சொன்னதால்தான் நான் படியேறுகிறேன் என்பதை இம்மனுவின் வாயிலாகப் பதிவு செய்துகொள்கிறேன். நிற்க. இதைக் கேட்டுக் குழுவினர் சிரித்தது கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. கணக்கு ஆசிரியருக்குச் சிரிப்பு முற்றி இருமலாகிவிட்டது. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவனே நான்தான் என்பதால் இதில் நேரடி சாட்சியாகவும் இருக்கிறேன். எட்டு நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம், போய் வாம்மா என்று அப்போதே சொல்லி அனுப்பினார்கள்.

3. இரண்டு நாள் கழித்து என்னை மட்டும் வரச் சொன்னார்கள். "பெத்த அப்பாவ மேடையில கிண்டல் பண்ணுதே, உங்க மரியாதை என்னாகும்" என்று தலைவர் கவலைப்பட்டார். என் மரியாதைக்காக என்னைத் தவிர ஒருவர் கவலைப்பட்டது அதுதான் முதல் முறை. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. "வீட்ல தினமும் கேக்குறதுதாங்க, அங்க கேட்டா கூட சேர்ந்து சிரிக்க ஆளிருக்கும்" என்றேன். இருந்தாலும் தடையில்லாச் சான்று வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். அடுத்து தாயாருடையதும் வேண்டும் என்றார்கள். என் வீட்டம்மாள் ஒரே வரியில், "இவரைப் பற்றி என் மகள் சொல்லப்போவது எதுவாக இருந்தாலும் அது குறைவுதான், ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

4. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மைக் செட் கடைக்காரர் மூன்றாவது ஒன்று கேட்டார். வரப்போகும் மருமகனின் சம்மதமாம். "கல்யாணம் ஆகாத பொண்ணு. நாளைக்கு வர்றவரு, என் பொண்டாட்டிய எப்படி மேடையேத்துனீங்கன்னு வந்து நின்னா அரங்கம் என்னங்க பதில் சொல்லும்?" என்றார். இன்னும் மாப்பிள்ளையே பார்க்கவில்லையே என்றேன். "பாத்திருந்தா அவர்கிட்டயே நேரா கேட்டிருப்போமே" என்றார் தலைவர். ஐயா, அந்த மருமகன் எந்த ஊரில் இருக்கிறார், என்ன வேலை பார்க்கிறார், சிரிக்கத் தெரிந்தவரா என்று எதுவும் எனக்குத் தெரியாது. என் மகளுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசரமும் அவளிடம் இல்லை. எனக்குத் தெரிந்த வழியில், ஒரு தாளில் "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று எழுதி, கையெழுத்து இடத்தைக் காலியாக விட்டு, ஆள் வந்ததும் போட்டுவிடுவார் என்று சொல்லிக் கொடுத்தேன். முழுமையாகப் பூர்த்தி செய்யப்படவில்லை என்று கணக்கு ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதோடு எட்டு நிமிடமும் ரத்து என்று சொல்லிவிட்டார்கள்.

5. இதே மேடையில் ஆண்டுதோறும் அரை மணி நேரம் பேசுகிறவர், ஊரார் "சிரிப்புச் சித்தப்பா" என்று அழைக்கும் கலைஞர். அரை மணி நேரமும் அவருடைய மனைவிதான் சரக்கு. மனைவி உட்கார்ந்தால் நாற்காலி என்னாகும், மனைவி சமைத்தால் வயிறு என்னாகும், மாமியார் வந்தால் வீடு என்னாகும். போன ஆண்டு நானும் சிரித்தேன். தாங்களும் முதல் வரிசையில் இருந்து சிரித்ததாக நினைவு. அவர் மனைவியான அந்த அம்மையார் குடியிருக்கும் கட்டிடத்தின் லிஃப்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதில் ஆறு பேர் என்று எழுதியிருக்கும். அவரைப் போன்றவர்கள் என்றால் பத்துப் பேரைத் தாராளமாக ஏற்றலாம். அவ்வளவு ஒல்லி. சென்ற வாரம் கதவைச் சரிசெய்து கொண்டிருந்தபோது அவரிடம், "மேடையில உங்களைப் பத்திப் பேசுறதுக்கு உங்ககிட்ட கையெழுத்து வாங்கினாங்களாம்மா?" என்று கேட்டேன். "எங்கிட்ட டிக்கெட்டுக்கே காசு வாங்குறாங்கண்ணே" என்றார். இதை மனுவில் எழுதிக்கொள்ளட்டுமா என்றும் கேட்டேன். "எழுதுங்க. கேட்டுட்டு எழுதுறது நீங்க ஒருத்தர்தான்" என்று சொல்லிவிட்டுக் காய்கறிப் பையோடு மேலே போனார். அதற்குப் பிறகு அந்த நாற்காலி ஜோக் எனக்கு முன்புபோல் சிரிப்பு மூட்டவில்லை.

6. குழுவினர் தங்கள் நிலையை விளக்கும்போது, பொதுவாகப் பெண்களுக்கு நகைச்சுவை உணர்வு குறைவு, அது இயற்கை என்றும் தெரிவித்தார்கள். இருமி இருமித் தண்ணீர் கேட்டவர்தான் இதைச் சொன்னார். இதை வீட்டில் சொன்னேன். என் வீட்டம்மாள் துணி மடித்துக்கொண்டே, "அந்த உணர்வு இல்லாமயா உங்களோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணேன்" என்றார். எங்கள் வீட்டில் இந்தத் திறமை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதில் எனக்கு எப்போதுமே சந்தேகம் இருந்ததில்லை.

7. உண்மையான புகார் இனிமேல்தான் வருகிறது. மைக் செட் கடைக்காரர் என்னை ஓரமாக அழைத்துப்போய், தோளில் கை போட்டு, ஒரு வழி சொன்னார். "அந்த லிஃப்ட் ஜோக் அருமைங்க. வீணாகக் கூடாது. சித்தப்பாகிட்ட குடுத்துடலாம். அப்பாங்கிற எடத்துல பொண்டாட்டி, லிஃப்டுங்கிற எடத்துல சமையல். என் பொண்டாட்டி ஊருக்கே சமைச்சுப் போடுறா, அவ மட்டும் ஓட்டல்ல சாப்பிடுறா, கேட்டா சமைச்சது யாருன்னு எனக்குத் தெரியும்ங்கிறா. எப்படி? தூக்கிடும்ல?" தூக்கும்தான் ஐயா, அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அப்படியென்றால் ஜோக்கில் கோளாறு இல்லை, மரியாதையிலும் கோளாறு இல்லை, சொல்கிற ஆள் பெண்ணாக இருப்பதுதான் கோளாறு என்று ஆகிறது. லிஃப்ட் ஓடவில்லை என்றால் என்னைக் கூப்பிடலாம். லிஃப்ட் நன்றாக ஓடுகிறது, இவரை மட்டும் ஏற்றமாட்டோம் என்றால் அதற்கு நான் ஆளில்லை. ஆகையால்தான் தங்களிடம் வந்திருக்கிறேன்.

8. என் மகளை முற்றிலும் ஒதுக்கிவிடவில்லை என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். இப்போது ஒட்டியிருக்கும் நிகழ்ச்சி நிரலில் அவளுக்கும் இடமிருக்கிறது. கலைஞர்களுக்குப் பூங்கொத்து வழங்குதல். சிரித்த முகமாக இருந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

9. மைக் செட் கடைக்காரர் சொன்னதை அவளிடம் மறைக்காமல் சொன்னேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். "குடுத்துடுங்கப்பா. யார் சொன்னா என்ன, சிரிக்கத்தானே போறாங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடித் துணியால் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அன்றிலிருந்து ஒத்திகை இல்லை. அதைவிட மோசமான ஒன்று நடந்துவருகிறது. அதைத் தங்களிடம் எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் ஒன்பதாம் எண் வரை இழுத்துவிட்டேன்.

10. என் மகள் என்னிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். முன்பெல்லாம் நான் மூச்சு வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால், "மூணாவது மாடி வந்துருச்சு, இறங்குறவங்க இறங்கலாம்" என்று உள்ளிருந்து குரல் வரும். இப்போது "வாங்கப்பா, உக்காருங்கப்பா, தண்ணி வேணுமாப்பா" என்கிறாள். நேற்று முன்தினம் சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளி மாற்றிப் போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் மேலும் ஒரு பக்கம் கீழுமாக, மூன்று கட்டிடங்களில் வேலை பார்த்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். சாதாரண நாளாக இருந்தால் அதை வைத்தே அவள் ஒரு வாரம் ஓட்டியிருப்பாள். பார்த்தாள். "பட்டன் மாறியிருக்குப்பா" என்றாள், மெதுவாக. மீதி வரும் என்று நான் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை. என் வீட்டம்மாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தட்டு எடுத்து வைக்கப் போனார். நானே பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

எனவே ஐயா, தங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த சனிக்கிழமை நிகழ்ச்சியில் விண்ணப்பதாரர் எண் பதினேழுக்கு முதலில் ஒதுக்கிய எட்டு நிமிடத்தை அப்படியே ஒதுக்க உத்தரவிட வேண்டும். அவள் எழுதியதை வேறு எவரும் மேடையில் சொல்லக் கூடாது. சான்று வாங்கித்தான் ஆக வேண்டும் என்பது அரங்கத்தின் விதியானால், அன்று பேசப்போகும் ஆண்கள் அனைவரும் தத்தம் மனைவி, மாமியார் ஆகியோரிடம் எழுதி வாங்கி வரட்டும். அப்படிச் செய்தால் வரவேற்புரை முடிந்த கையோடு நன்றியுரைக்குப் போக வேண்டியிருக்கும் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் மரியாதையைக் காப்பதற்காகக் குழுவினர் எடுத்துக்கொண்ட சிரமத்துக்கு நன்றி. அந்த மரியாதையை வைத்துக்கொண்டு என் வீட்டில் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை. என் மகள் ஒலிபெருக்கி முன் நின்று, ஊரறிய, என்னை எட்டு நிமிடம் கேலி செய்ய வேண்டும். நான் எதிரே உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும். எனக்கு வர வேண்டிய அந்த அவமரியாதையை, காலம் கடத்தாமல், சனிக்கிழமைக்குள் பெற்றுத் தருமாறு தங்களை மிகவும் பணிவுடன் வேண்டுகிறேன்.

நாள்: இம்மாதம் பதினான்கு, வெள்ளி.
இடம்: மேற்கண்ட மூன்றாம் மாடி.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
விண்ணப்பதாரர் எண் பதினேழின் தந்தை
(கையொப்பம்)