பானை இல்லாத செடி

1946, தை 9, செவ்வாய் இரவு

குன்னத்துக் கொல்லையில் தக்காளி இலையெல்லாம் வட்டவட்டமாகக் கருகிவிட்டது. ஒரே ஒரு செடி மட்டும் பச்சையாக நிற்கிறது. கண் படக்கூடாதென்று என் வீட்டுக்காரர் சுண்ணாம்புப் புள்ளி வைத்துக் குச்சியில் கவிழ்த்த பானைக்குப் பக்கத்துச் செடி அது. பானைதான் காத்தது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் அரியலூர் போயிருந்த அன்று பானையைக் குச்சியோடு பிடுங்கி, கடைசி வரிசையில் பாதி கருகியிருந்த செடியருகே நட்டுவிட்டேன்.

இன்று பானை போன இடத்துச் செடி முழுக்கக் காய்ந்து கிடந்தது. பானை இல்லாத பச்சைச் செடி அப்படியே இருந்தது. நடந்ததை அவரிடம் சொன்னேன்.

"பானை பழசாயிடுச்சு புள்ள, வேறென்ன? நாளைக்கு எல்லாத்தையும் புடுங்கிட்டு வெங்காயம் போட்டுருவோம்."

"அந்த ஒண்ண மட்டும் வுடுங்க. வெதைக்கு வேணும்."

"ஒத்தச் செடிய வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

ஊரே அம்மையில் படுத்த வருஷம் என் சின்னம்மாவுக்கு மட்டும் அம்மை போடவில்லை. அவள் மகளுக்கும் போடவில்லை. தாயின் உடம்புவாகு மகளுக்கு வருமென்றால் செடியின் வாகு விதைக்கு வராதா? கண்ணை மூடினால் கொல்லை முழுக்க அந்த ஒரு செடியே வரிசை வரிசையாக அசைகிறது.

பொழுது சாய அதன் தண்டில் மஞ்சள் துணி முடிந்துவிட்டு வந்தேன். சாமிக்கு நேர்ந்ததென்று நினைத்துக்கொள்வார், தொடமாட்டார்.

வெளியே பனி பெய்கிறது. எல்லாச் செடிமேலும்தான் பெய்கிறது. அது மட்டும் கருகாமல் நிற்கிறது.