முன்சக்கரத்தில் ஒரு டங்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. அங்கே நீ சுகமாக இருக்க வேண்டும், இங்கே நான் சுகம்தான், ஆனால் கோபம் தலைக்கு ஏறி நிற்கிறது. போனில் சொன்னால் நடுவில் புகுந்து சிரிக்க வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி.

லீவில் வந்தவன் சும்மா இருந்தாயா? முட்டி ஆபரேஷன் ஆன அப்பா உடற்பயிற்சிக்குப் போய்வர நம் பழைய கார் குலுங்கக் கூடாது என்று முன்பக்கத்து ஸ்பிரிங் இரண்டையும் நீயே மாற்றினாய். மெக்கானிக்கைக் கூப்பிடு என்று படித்துப் படித்துச் சொன்னேன், வீடியோ பார்த்தாலே போதும், இதெல்லாம் ஒரு வேலையா என்றாய். நீ ஊருக்குக் கிளம்பிய மறுநாளே ஆரம்பித்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் டங், வேகத்தடையில் ஏறினால் டங். எதிர்வீட்டு டீச்சர் எட்டிப் பார்க்காமல், சத்தத்தை வைத்தே நம் வண்டி வந்துவிட்டது என்று சொல்கிறாளாம். உன்னிடம் சொன்னால், புது ஸ்பிரிங், பழகப் பழகச் சரியாகும் என்றாய். பழகுவதற்கு அது என்ன செருப்பா?

முந்தாநாள் பொறுக்க முடியாமல் நானே ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனேன். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பழைய வண்டி அப்படித்தாம்மா இருக்கும் என்று மழுப்பினார். நான் விடுவேனா, பக்கத்திலேயே நின்றேன், பிறகுதான் வாய் திறந்தார். ஸ்பிரிங்கின் கீழ்நுனி, அதைத் தாங்குகிற தட்டில் உள்ள பள்ளத்தில் போய் உட்கார வேண்டுமாம், நீ இரண்டு பக்கமும் நாலு விரல் தள்ளி மாட்டியிருக்கிறாய், சக்கரம் திரும்பும்போதெல்லாம் அது வழுக்கி உதைக்கிறது. அடியில் போடும் ரப்பரையும் காணோம் என்றார். எங்கே போகும், அலமாரியில் கவருக்குள் போட்டு, மேலே மிச்சம் என்று முத்து முத்தாக எழுதி வைத்திருக்கிறாயே! மாட்டி முடித்த பிறகு கையில் மிச்சம் இருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம், அதுகூடவா தெரியாது? அரை நாளில் எல்லாவற்றையும் ஒழுங்காக உட்கார வைத்துக் கொடுத்தார், இப்போது சத்தமே இல்லை.

இது மட்டும் என்றால் இரண்டு திட்டோடு விட்டிருப்பேன். அந்த மனுஷர் முதலில் ஏன் மழுப்பினார் தெரியுமா? உன் அப்பா முன்கூட்டியே போன் செய்து, பையன் மேல தப்புன்னு சொல்லிடாதீங்க, ரெண்டு நாள் முதுகு ஒடிய செஞ்சான் என்று கேட்டுக்கொண்டாராம். நீ போன பிறகு முதல் இரண்டு தடவை வண்டியில் போனபோதே, ஒவ்வொரு டங்குக்கும் பயந்து காலை இறுக்கி இறுக்கி அப்பாவுக்கு முட்டியில் உயிர் போகிற வலியாம். சொன்னால் உன்னைத் திட்டுவேன் என்று, அசதி, தலைவலி என மூன்று வாரமாகப் பயிற்சிக்கே போகவில்லை. நானும் மடச்சி மாதிரி நம்பினேன். நேற்று இழுத்துக்கொண்டு போனேன். முட்டி இறுகிவிட்டது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், முழுசாக மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறாள் பயிற்சி கொடுக்கிற பெண்.

அப்பாவிடமும் கத்தித் தீர்த்தேன், ஆனால் உன் மேல்தான் ஆத்திரம் அதிகம். மூன்று வாரத்தில் ஏழு தடவை போன் செய்தாய், ஏழு தடவையும் வண்டி எப்படி ஓடுது என்றுதான் கேட்டாய்.

வேளைக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு, நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இரு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் வீடியோவில் கூப்பிட்டு, அப்பாவை ஹாலில் ஒரு தரம் நடக்கச் சொல். நல்லாத்தான்டா இருக்கேன் என்று சிரிப்பார். முகத்தைப் பார்க்காதே, காலைப் பார்.

கோபம் ஆறாத
உன் அம்மா