நெஞ்சை விட்டுத் தலைக்குப் போனவன்

மார்ச் 4, செவ்வாய்

இந்த வாரம் ஒரே ஒரு பைபாஸ். அதுவும் தள்ளிப்போய்விட்டது. பக்கத்து அறையில் ஸ்டென்ட் வைக்கும் டாக்டருக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்யும் நான் ஈ ஓட்டுகிறேன்.

மார்ச் 6, வியாழன்

ஏழு வருடம் கூடவே வைத்துப் பழக்கிய ஜூனியர் டாக்டர், நான் சின்னவன் என்று கூப்பிடுபவன், வேலையை விட்டுவிட்டான். எங்கே போகிறான்? முடி நடும் கிளினிக்குக்கு! இதயத்தில் தையல் போட்டவன் வழுக்கையில் நாற்று நடப்போகிறானாம்.

"வாரத்துக்கு ஒரு நெஞ்சுகூட வரல மேடம். அங்க தலைங்க வரிசையில நிக்குது" என்றான்.

வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பினேன். வீட்டில் கணவரிடம் சொன்னால், இவர் தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு சிரிக்கிறார்.

ஜூன் 18, புதன்

சின்னவன் போன் செய்தான். எடுக்கவில்லை. விடாமல் அடித்தான்.

"மேடம், சார் இங்க இருக்காரு. முடி நட வந்தாரு, உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. ஊசி போடறதுக்கு முன்னாடி ஈசிஜி எடுத்தேன்... உடனே வாங்க."

இவரா? முடியா? ஈசிஜியா? எதற்கு முதலில் அதிர்வது? நெஞ்சு அடைக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலியே இந்த மனுஷன்! பக்கத்துலயேதானே படுத்திருந்தேன். நான் என்ன டாக்டர்?

ஜூன் 19, வியாழன்

இதயத்தின் இடப்பக்கப் பெரிய ரத்தக் குழாயிலேயே அடைப்பு. இன்னும் இரண்டிலும். ஸ்டென்ட் டாக்டரே கையை விரித்துவிட்டார்; உடனே பைபாஸ்தான் வழி. வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நிலையில் இவர் இல்லை. சொந்த ஆள்மேல் கத்தி வைப்பதில்லை என்பது எங்கள் தொழிலின் எழுதாத சட்டம். என்னை விட்டால் இங்கே வேறு யார்? நான் திட்டி அனுப்பியவன்தான்.

போனில் கேட்டேன்.

"மூணு மாசமா நெஞ்சைத் தொடல மேடம்" என்றான். அடைப்புப் படங்களை அனுப்பச் சொல்லிப் பார்த்தான். பிறகு, "வரேன்."

ஜூன் 20, வெள்ளி

பிழைத்துவிட்டார். எழுத முடியவில்லை.

ஜூன் 21, சனி

தொண்டைக் குழாயை எடுத்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி: "முடி நட்டாச்சா?" அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. ஆபரேஷன் முடிந்து சின்னவன் கை கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்று, "திரும்பி வந்துடுப்பா" என்றேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம்.

குழாயை மூடினான்.

"அடுத்த கேஸ் எப்ப மேடம்?"

சுவரில் இருந்த ஆபரேஷன் பட்டியலைப் பார்த்தேன்; காலி. அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"மூணு மணிக்கு எனக்கு ரெண்டு தலை இருக்கு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான்.