ஸ்டெல்லா வரைந்த எலிப்பாதை

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஒபிஸ் விட்டு நேரே நிமலின் திருத்தும் கடைக்கு, ரேடியோவைக் கொடுக்க. கடை மூலையில் துணி போர்த்திய ஆளுயரப் பெட்டி. துணியைத் தூக்கினால், எலி கேம்! எண்பத்திரண்டில் வெள்ளவத்தையில், ஸ்கூல் விட்டதும் ஓடிப்போய் ஆடிய அதே எலி. திரை முழுக்கச் சந்துகள். எலி நெல்மணி பொறுக்க வேண்டும், நாலு பூனை துரத்தும். மணி எல்லாம் முடிந்தால் அடுத்த கட்டம்.

"ஹோட்டல்ல கழிச்சது, அய்யே. திருத்திட்டன். ஆடிப் பாருங்க." நிமல் சிங்களத்தில். அய்யே என்றால் அண்ணா.

ஒரு நிமிஷம் ஆகவில்லை, ஓர் ஆட்டத்துக்குத் தரும் மூன்று எலியும் காலி. அப்போது ஒன்பதாம் கட்டம் வரை போனவன் நான். கை மறந்துவிட்டதா? அல்லது அப்போதும் குருட்டு அதிர்ஷ்டம்தானா?

வாங்க: மெழுகுதிரி, சீனி, பற்றறி 2.

மார்ச் 5, புதன்

மழை இல்லை. கரண்ட் இல்லை.

இராச் சாப்பாட்டில் ஸ்டெல்லாவிடம் எலி கேம் பற்றிச் சொன்னேன். கல்யாணமாகி இரண்டு மாதம். யாழ்ப்பாணம் குருநகரில் கணக்கு ரீச்சராக இருந்தவள், சண்டையால் பாதை பூட்டு என்று கப்பலில் கொழும்பு வந்தவள். இங்கே எதைக் கேட்டாலும் "ஓம்", "இல்லை", "பரவாயில்லை". இன்று கறிச் சட்டியைக் கையில் வைத்தபடியே:

"அந்தப் பூனையள் யோசிச்சோ வாறது? இல்லாட்டிச் சும்மா ஓடுறதோ?"

"தெரியாது."

"நாலும் ஒரே மாதிரியோ?"

"தெரியாதப்பா. துரத்தும், அவ்வளவுதான்."

"அப்ப நீங்கள் அத்தனை நாளும் என்னத்தைப் பாத்தனீங்கள்?"



மார்ச் 8, சனி

ஸ்டெல்லாவும் (இனி ஸ்.) வந்தாள். ஆட மாட்டாளாம். பக்கத்தில் நின்று என்னை ஆட்டுவித்தாள். இடது, மேல், மேல், வலது. பிறகு முதலிலிருந்து அதையே. மூன்றுதரம்.

மூன்றுதரமும் நாலு பூனையும் அதே சந்தில் திரும்பின. மயிர்க்கூச்செறிந்தது. நான் ஒரே மாதிரிப் போனால் அவையும் ஒரே மாதிரி வரும். பதினைந்து வருஷமாக எனக்குத் தெரியாது.

கொப்பித் தாளில் முதலாம் கட்டத்தை வரைந்தாள். சந்துகள், அம்புக்குறி, இலக்கம். பூனைகளுக்கு பூ1, பூ2. நிமல் எட்டிப் பார்த்துவிட்டு, "நோனா படிச்சவங்க" என்றார், அம்மா என்கிற மாதிரி.

வீடு வரும் வழியெல்லாம் அவள்தான் கதை. கொழும்புக்கு வந்து இவ்வளவு கதைத்ததில்லை. வேகமாக நடக்கிறவள் என்பதும் இன்றுதான் தெரிந்தது.

மார்ச் 11, செவ்வாய்

ஒழுங்காக எழுத வேண்டும்.

மூன்று மணிக்கு ஒபிசுக்கு போன். மரக்கறி வாங்கப் போன ஸ்டெல்லாவை சோதனைச்சாவடியில் மறித்துப் பொலிசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். பைக்குள் அந்தத் தாள். சந்துகள், அம்புக்குறிகள், தமிழ் எழுத்து.

இன்ஸ்பெக்டர் தாளை மேசையில் தட்டித் தட்டி, "மே மொகக்த?" இது என்னவாம். "எந்த இடத்து மேப்?"

கேம் என்றேன். எலி என்றேன். பூனை என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய்யாகக் கேட்டது. "சமாவென்ன சேர்", மன்னிக்கவும், எத்தனைதரம் சொன்னேனோ. ஸ். வாங்குப் பலகையில், கை இரண்டும் மடியில்.

நிமலுக்கு போன் எடுத்தேன். கடையைப் பூட்டிவிட்டு வந்தார். "பெட்டி என்ட கடையில இருக்கு சேர். ஆள் அனுப்பிப் பாருங்க." கடைசியில் ஒரு கான்ஸ்டபிளை எங்களோடு அனுப்பினார்கள். தாளில் இருக்கிறபடி அவன் ஆட வேண்டும், கட்டம் முடிய வேண்டும். முடியாவிட்டால்? இன்ஸ்பெக்டர் சொல்லவில்லை.

கான்ஸ்டபிள் பெயர் பிரேமரத்ன. இருபத்தைந்து இருக்கும். துவக்கைத் தோளில் மாட்டியபடி கைப்பிடியைப் பிடித்தான். நான் மொழிபெயர்த்தால் நேரம் தப்பும். நிமல் அவசரமாக ஸ்டெல்லாவுக்கு நாலு சொல் படிப்பித்தார். வமட்ட, தகுணட்ட, உடட்ட, பஹலட்ட. இடது, வலது, மேல், கீழ்.

அவள் தாளைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவன் ஆடினான். பாதியில் ஒரு திருப்பம் பிந்திவிட்டது. பூனை பிடித்தது. அவனே, "மல்லிட பிழை, அக்கே. ஆயெத்." மல்லி என்றால் தம்பி; தன்னுடைய பிழையாம், திரும்பவுமாம்.

திரும்பவும் முதலிலிருந்து. அவள் குரல் நடுங்கவில்லை. கடைசி மணியும் முடிந்து திரை மின்னியது. "ஹரி!", சரி, என்று கத்தினான், பொலிஸ்காரன் என்பதை மறந்து.

திரும்பப் பொலிசுக்குப் போனோம். ஆறு மணிக்கு விட்டார்கள். தாள் பைலுக்குள் போய்விட்டது. வீட்டுக் கதவைப் பூட்டிய பிறகுதான் அழுதாள்.

மார்ச் 12, புதன்

லீவு. ஸ். படுத்தே இருந்தாள். தேத்தண்ணி கொடுக்கும்போது:

"பொலிஸ்காரர் உண்மையான இடமெண்டெல்லோ நினைச்சவை. அவ்வளவு வடிவா வரைஞ்சிருக்கிறன்."

சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை. கொஞ்சம் கழித்து, "நீங்கள் ஏன் மன்னிப்புக் கேட்டனீங்கள்?"

பயத்தில் என்றேன். தலையாட்டினாள்.

மார்ச் 16, ஞாயிறு

நல்ல வெயில். பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார, கதவில் தட்டு. பிரேமரத்ன! துவக்கு இல்லை. கோடு போட்ட சேட், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

பிரச்சினை இல்லையாம். ட்யூட்டி முடிந்தால் நிமல் கடைக்குப் போகிறானாம். இரண்டாம் கட்டம் தாண்ட முடியவில்லையாம். அக்கா வழி சொல்லுவாவா?

ஸ். சமையல் குசினி வாசலில். "என்னவாம்?"

சொன்னேன். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ர தாளை எடுத்துத் தரச் சொல்லுங்கோ. பிறகு பாப்பம்."

அப்படியே சிங்களத்தில் சொன்னேன். "சேர்" போடவில்லை. ஒரு சொல்லும் குறைக்கவில்லை.

அவன் தலையைச் சொறிந்தான். பைலில் இருந்து எடுப்பது கஷ்டமாம். ஸ். அசையவில்லை. கடைசியில் "பலமு" என்றான், பார்ப்போம். பழத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

ஸ். கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, ரூலர் எங்கே என்று கேட்கிறாள்.