மூன்றாவது சிலிண்டரும் உன் மாமனாரும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நலமென்று போன கடிதத்தில் கண்டோம். உன் மாமனார் நலமென்று அதே கடிதத்தில் ஏழு இடத்தில் கண்டோம், நான் எண்ணினேன்.

கார் ஏற்றத்தில் திணறுகிறது, மாமா கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்த்தார், மூன்றாவது சிலிண்டரில் அழுத்தம் இல்லை, பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்கிறார், ஞாயிற்றுக்கிழமை இன்ஜினைப் பிரிக்கப் போகிறார், மாமா கை வைத்தால் தப்பாது என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது, உன்னிடம் மறைப்பானேன். அந்த ரிங்கைப் போட்டவன் நான். உன் கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு மாதம் உட்கார்ந்து அந்தப் பழைய இன்ஜினைக் கட்டினேன், நீதான் டூல் பெட்டி மேல் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாய். இப்போது அவர் குறை சொல்கிறார், நீயும் தலையாட்டுகிறாய். முதலில் அப்பாவைக் கேட்போம் என்று தோன்றவில்லை பார். பக்கத்துல இருக்கிறவரை விட்டுட்டுக் ஊர் தாண்டியா கேட்பா என்கிறாள் அம்மா. அவள் எப்போதுமே சம்பந்தி கட்சி.

இந்த எரிச்சலில் ஒரு காரியம் செய்துவிட்டேன். ரொட்டிக் கடைக்காரரின் பழைய வேன் இதே கோளாறோடு என் பட்டறைக்கு வந்தது. சம்பந்தியாக இருந்தால் ரிங் என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன், அதனாலேயே வால்வு என்று அடித்துச் சொல்லி, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றிவிட்டேன். வால்வு மேல் மண்ணெண்ணெய் ஊற்றினால் ஒரு சொட்டு கீழே இறங்கவில்லை. வால்வில் கசிவே இல்லை, போனது ரிங்தான். அந்த மனுஷன் இரண்டு நாள் சைக்கிளில் ரொட்டி கொண்டு போனார். என்ன மாஸ்டர், நீங்களா என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

அதனால் சொல்கிறேன், யார் சொன்னார்கள் என்று பார்த்துப் பிரிக்காதே, சோதித்துவிட்டுப் பிரி. இன்ஜின் சூடாக இருக்கும்போது எல்லாப் பிளக்கையும் கழற்று, மூன்றாவது ஓட்டையில் ஒரே ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விடு, அதிலேயே மீட்டரை வைத்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பார். மீட்டர் முள் முன்பைவிட நன்றாக ஏறினால் ரிங், அப்படியே நின்றால் வால்வு. ஆயிலைத் தாராளமாக ஊற்றிவிடாதே, உள்ளே இடம் அடைத்துக்கொண்டு எதுவாக இருந்தாலும் முள் ஏறிவிடும். கடிதம் வரும்வரை பிரிக்க வேண்டாமென்று அம்மாவைப் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன். நான் பண்ணினால் சம்பந்தி எடுப்பார், சௌக்கியமா என்று கேட்க வேண்டி வரும்.

வால்வு என்றால் அவரிடம் பக்குவமாகச் சொல், வயதானவர். ரிங் என்றால் அவர் சொன்னதுதான் சரி, என் வேலைதான் பழுது, அதையும் நான் தாங்கிக்கொள்வேன்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஆயில் மட்டம் பார்க்க மறக்காதே. மீட்டரில் எந்த எண் வந்தாலும் உடனே போன் பண்ணு, அவரிடம் சொல்வதற்கு முன்னால் என்னிடம் சொல். ஐந்து நிமிஷம் முன்னால் போதும்.

உனக்கு ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொடுத்த
அப்பா