அப்பாவுக்கு ஒரு கட்டம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் சௌக்கியம், அப்பா என்னைவிடச் சௌக்கியம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். அப்பாவை ஆறு மாதம் உன்னிடம் அனுப்பச் சொல்லியிருந்தாய், நானும் பாதிப் பெட்டியை அடுக்கிவிட்டேன். வேறென்ன செய்ய, ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் ஓய்வு பெற்றதும் கூடத்தில் என் செஸ் வகுப்புப் பிள்ளைகளைப் பரிசோதிக்க ஆரம்பித்துவிட்டார். எல்லாம் கோப்பை வாங்கிய பிள்ளைகள், ஒருவர் குதிரையைத் தொட்டால் போதும், பின்னாலிருந்து ‘எங்க போற, எதுக்குப் போற’ என்று கேள்வி. இரண்டு பெற்றோர் பிள்ளைகளை நிறுத்தப்போவதாக நாசூக்காகச் சொல்லிவிட்டார்கள். வகுப்பும் போனால் எனக்கு என்ன இருக்கிறது சொல். அவரை அதட்டினால் முகம் சுருங்கிப் பால்கனியில் போய் உட்கார்ந்துகொள்வார், அதையும் பார்க்க முடியாது.

போன வாரம், ஆட்டத்தில் செய்ய ஒன்றும் தோன்றாதபோது என்ன செய்வது என்று பாடம் நடத்தினேன். எந்தக் காய் வேலையில்லாமல் நிற்கிறதோ அதைத் தேடி நல்ல கட்டத்தில் வை, தொல்லை விட்டது என்று வெட்டுக்குக் கொடுத்துவிடாதே என்றேன். வாயே திறக்காத பெண் ஒருத்தி இருக்கிறாளே, உம்மணாமூஞ்சி, அவள் பால்கனியைப் பார்த்து ‘அப்ப அங்கிள், மிஸ்?’ என்றாள். எனக்குச் சுருக்கென்றது, பெட்டி வேறு அங்கேயே வாயைப் பிளந்து கிடந்தது. இந்தப் பிள்ளைகள் தங்கள் தாக்குதலைப் பத்து நகர்த்தல் முன்னாலேயே கணக்குப் போடுவார்கள், எதிராளி ஏன் இப்படி வைத்தான் என்று மட்டும் பார்க்கமாட்டார்கள், நான் தொண்டை வற்றக் கத்தியும் ஏறவில்லை. அன்றே உங்கப்பாவுக்கு உத்தியோகம் கொடுத்தேன். எதிராளி நகர்த்தியதும் ‘இவன் எங்க போறான், எதுக்குப் போறான்’ என்று அவர் கேட்பார், அவர் ஒப்புக்கொள்ளும் பதில் சொன்ன பிறகுதான் காயைத் தொடலாம். வேலை பார்த்த காலமெல்லாம் யார் சொன்னதையும் நம்பாத மனுஷர், லேசில் விடுவாரா. பிள்ளைகள் பல்லைக் கடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் உம்மணாமூஞ்சி எதிராளி வைத்த பொறியைக் கண்டுபிடித்து ஜெயித்துவிட்டு, என்னைத் தாண்டி நேரே அவரிடம் போய் ‘அவன் யானை எதுக்கு அங்க போச்சுன்னு தெரிஞ்சிடுச்சு அங்கிள்’ என்றாள். அவருக்கு இன்னும் கால் தரையில் படவில்லை. நிறுத்தப்போவதாகச் சொன்ன பெற்றோர் இப்போது அங்கிள் இருக்கிற நாளாகப் பார்த்து வகுப்பு வையுங்கள் என்கிறார்கள், எனக்கு எரியாதா.

நேற்று ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டதற்குப் பிடிபிடியென்று பிடித்தேன். வழக்கமாக நான் முடிப்பதற்குள் பதில் வந்துவிடும், நேற்று என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன என்றேன். ‘இரு, இவ எங்க போறா, எதுக்குப் போறான்னு யோசிக்கிறேன்’ என்றார். அப்புறம் மெதுவாக, ‘இது துண்டுக்கு இல்ல, பெட்டிய எடுத்ததுல இருந்தே நீ சரியில்ல, நான் ஊருக்குப் போறது உனக்குப் பிடிக்கல, அதானே’ என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன முதல் சரியான பதில் அதுதான். நான் அழுதுவிட்டேன்.

அதனால் டிக்கெட் எடுத்துவிடாதே, பெட்டியைப் பரணில் ஏற்றியாயிற்று. மாப்பிள்ளையோடு வாய் வளர்ந்தால் நீயும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் பதில் சொல். குழந்தைக்கு என் முத்தம், மூவரும் நோய் நொடியில்லாமல் நன்றாக இருங்கள். துண்டு இன்னும் கட்டில்மேல்தான் கிடக்கிறது.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா